நெஞ்சமில்லாப் பிள்ளையோ?

(நமது சங்கத்தின் ஒசூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று யான் பேசத் துணிந்த விஷயம் நம் குடும்பங்களில் கதவடைத்துப் பேசப்படுவது. ஆட்டிசம் என்னும் நிலையுடன் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறர் துக்கமும் சந்தோஷமும் விளங்கா என்று நம்மவர் சொல்லிவிடுகின்றனர். யானும் அவ்வாறு சொன்னவனே.

என் தமக்கையார் காலமான அன்று வீடெங்கும் அழுகுரல். பத்து வயதான என் பேரன் காதுகளைப் பொத்திக்கொண்டு மூலையில் அமர்ந்திருந்தான். பின்னர் எழுந்து வந்து, "எட்டு மணி மாத்திரையை இனி யாருக்குக் கொடுப்பது?" என்று வினவினான். நாள்தோறும் அவருக்கு அதை எடுத்துக் கொடுத்தவன் அவனே. 'கல்நெஞ்சன்' என்றார் ஓர் உறவினர். யானோ அவனை அதட்டி வெளியே அனுப்பினேன். அதன் பின் பல இரவுகள், சரியாக எட்டு மணிக்கு, அவன் அம்மாத்திரைப் பெட்டியை வெறுங்கட்டிலின்மேல் வைத்துவிட்டு நிற்கக் கண்டேன். கண்ணீர் இல்லை. ஆயினும் அது துக்கமன்றென எவர் சொல்ல வல்லார்?

1943-ல் லியோ கன்னர் என்னும் வைத்தியர் 11 குழந்தைகளைக் கண்டு இந்நிலையை விவரித்தார். 1985-ல் லண்டனில் ஒரு பரீக்ஷை நடந்தது. ஒரு பொம்மை கூடையில் கோலியை வைத்துவிட்டுப் போகிறது. அது இல்லாத வேளையில் கோலி பெட்டிக்கு மாற்றப்படுகிறது. திரும்பி வரும் பொம்மை எங்கே தேடும்? ஆட்டிசமுடைய 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினர். பிறர் மனத்தை இவர்கள் அறியார் என்னும் பேச்சு இதனால் பரவிற்று. ஆனால் பிறர் அறிந்ததை ஊகிப்பது வேறு. பிறர் வருந்தத் தானும் வருந்துவது வேறு. ஆட்டிசமுடையவரேயான டேமியன் மில்டன் என்னும் ஆங்கில அறிஞர், அறியாமை இருபுறத்தும் உள்ளதென்று 2012-ல் எழுதினார். அவர்கள் முகத்தை நாமும் படிக்க அறியோம்!

ஒசூராருக்கு இது விளங்காததன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. சிப்காட் ஆலைக்கு வந்த வடநாட்டு இளைஞன் நம் பேச்சுக்கு விடையிறுக்காவிடில், பாஷை தெரியாதென்போமேயன்றி இதயமற்றவன் என்போமோ? நம் சர்க்கார் கடிதங்களிலோ இவர்களுக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று தொடங்கும் பெயரொன்று வழங்குகிறது; என் பேரனைப் பார்த்தபின் அப்பெயர் எனக்கு உவப்பாயில்லை.

தாயின் அன்புக் குறைவே காரணமென்று மேனாட்டாரும் ஒரு காலம் சாதித்தனர். அது பொய்யென்று தள்ளுண்டது. நம் வீடுகளிலோ மருமகள்மேல் சுமத்திய அப்பழி இன்னும் இறங்கவில்லை. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் இந்நிலைக்கு உரிமைகள் வகுத்திருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியும் நமக்கு அண்மையிலேயே உள்ளது. வெட்கத்தால் வருஷங்களைக் கழிக்க வேண்டுவதில்லை.

இப்பொழுது யான் அவனிடம், "எனக்கு அழுகை வருகிறது, அருகில் உட்கார்" என்று வெளிப்படையாய்ச் சொல்கிறேன். உட்காருகிறான். அடுத்த கல்யாணத்தில் மேளம் தொடங்குமுன் அத்தகைய பிள்ளைக்கு உள்ளறை ஒன்றை ஒழித்துக் கொடுங்கள். அவன் ஏன் வணக்கம் சொல்லவில்லை என்று, பந்தியில் வைத்து, அவன் தாயைக் கேளாதீர்கள்.