பூஜையறைப் படங்கள்



1894-ஆம் ஆண்டு ராஜா ரவிவர்மா அன்றைய பம்பாயில் ஓர் அச்சகம் நிறுவினார். பின்னர் அது லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்குப் பெயர்ந்தது. புணே மார்க்கத்தில் செல்லும் நம்மவர் அந்நிலையத்தைக் கண்டிருப்பர். நிறத்திற்கொரு கல்லாக, ஒரே தாளின்மேல் பன்முறை அச்சேற்றினர். அரண்மனைகளுக்கு எழுதிய ஓவியரின் லட்சுமியும் சரஸ்வதியும் இவ்வாறே எளியோர் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தனர்.

எங்கள் பாட்டியார் அத்தகைய லட்சுமியின் சேலைக்குச் சரிகையும் மணியும் ஒட்டி வைத்திருந்தார். மாற்றலாகிக் குவார்ட்டர்ஸ் மாறுகையில், மாட்ட இடமில்லையென்று அப்படம் பழைய தாள்களோடு எடைக்குப் போயிற்று. போட்டவர்கள் நாங்களே.

அந்த உறுத்தலால் பத்தாண்டுகளாகச் சோர் பஜாரில் அலைந்து பதினொரு படங்கள் சேர்த்துள்ளோம். முதலில் வாங்கியதை ஈரத்துணியால் துடைத்தோம். தாயாரின் தாமரை துணியோடு வந்துவிட்டது! மற்றொன்றில், கண்ணாடி போட்டவர் எவரோ அடியோரத்தை நறுக்கியிருந்தார். அச்சகத்தின் பெயர் இருப்பது அங்கேதான்.

விக்கிரகங்களை மட்டும் நாங்கள் வாங்குவதில்லை. எந்தக் கோயிலினின்று பெயர்க்கப்பட்டதோ என்னும் அச்சமே காரணம். நூறாண்டு கடந்தவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

பாட்டியாரின் லட்சுமி இதுவரை அகப்படவில்லை. தங்கள் பரண்களில் பழைய படம் இருப்பின், எடைக்குப் போடுமுன் எங்களிடம் காட்டுங்கள். துடைத்துவிட்டு மட்டும் கொண்டுவர வேண்டா.