ஐ.சி.யு.வில் இருந்து வந்த பிறகு

(வெம்பிளியில் புதிதாக வந்தவர்களுக்கு நடத்திய தகவல் கூட்டத்தில் எமது தொண்டர் ஒருவர் பேசியது)

பின்னுக்கு நிற்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ, கதிரை இருக்கு.

கேஸ் விசயம் கேட்க வந்த உங்களுக்கு நான் சுவாச நோயைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது, பொறுங்கோ.

பக்கத்தில் இருக்கிற நோர்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் 2020 மார்ச் 19ஆம் திகதி, கொரோனாவின் முதல் அலையில், தீவிர சிகிச்சைக் கட்டில்கள் போதாமல் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் மெசினில் மூச்சு விட்டுத் தப்பி வந்தவர்கள் எங்கட சனத்திலும் இருக்கிறார்கள். கொரோனா மட்டுமல்ல, கடும் நியூமோனியாவுக்கும் இதே சிகிச்சைதான். வீட்டுக்கு வந்ததும் "தப்பிட்டார், இனிப் பயமில்லை" என்று சொல்லி விடுகிறோம். ஆனால் பாடு அதற்குப் பிறகும் இருக்கிறது.

கனடா ரொறன்ரோவில், கடும் சுவாசக் கோளாறில் இருந்து தப்பிய 109 பேரைச் சேர்த்து வைத்தியர்கள் ஒரு வருடம் கவனித்தார்கள். 2003இல் முடிவு வெளிவந்தது. தீவிர சிகிச்சை முடியும்போதே உடல் எடையில் 18 வீதம் போயிருந்தது. நுரையீரல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் தேறிவிட்டது. ஆனால் ஒரு வருடத்திலும் அரைவாசிப் பேரளவில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். முக்கிய காரணம் தசை கரைந்த பலவீனம். ஆகவே படி ஏற ஏலாமல் இருக்கிறவரைச் சோம்பேறி என்று சொல்லாதேங்கோ.

இதைவிடப் பெரியது மனமும் ஞாபகமும். நான் உதவிக்குப் போன ஒரு அண்ணை, கட்டிலைச் சுற்றி ஆமி நின்றது, கையைக் கட்டினது என்று சொன்னார். அது மயக்க மருந்தும் நோயும் சேர்ந்து வருகிற குழப்பம், டிலீரியம் என்பார்கள். தீவிர சிகிச்சையில் கனபேருக்கு வரும், விசர் அல்ல. பிரச்சினை என்னவென்றால், ஊரில் அவரை உண்மையாகவே பிடித்துக் கட்டினவங்கள். எது அங்கே நடந்தது, எது கட்டிலில் கண்டது என்று அவருக்கே பிடிபடவில்லை. திகதிகள் மாறி மாறி வந்தன. இன்ரவியூவுக்கோ மூன்று கிழமைதான். ஆசிரியராக இருந்த காலத்தில் மறதியை அசட்டை என்று நினைத்துப் பிள்ளையளை ஏசியிருக்கிறேன். அன்றைக்கு அது நினைவுக்கு வந்தது.

ஆகவே, ஐ.சி.யு.வில் இருந்ததை உங்கட சொலிசிற்றருக்கு இன்ரவியூவுக்கு முன்னமே சொல்லுங்கோ. பிறகு சொன்னால் சாட்டு என்று நினைப்பார்கள். வைத்தியரின் கடிதம் இருந்தால் திகதியைத் தள்ளிவைக்கவும், இடையில் ஓய்வு தரவும் அவர் கேட்கலாம். ஞாபகம் இல்லாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். "ஞாபகம் இல்லை" என்றே சொல்லுங்கோ.

ஜி.பி.யிடம் பதிய பாஸ்போட்டோ விலாசச் சான்றோ கட்டாயமில்லை. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருந்தால் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கும் காசில்லை. எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் மருந்தும் இலவசம். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. பிள்ளையை வைத்துக் கதைக்க வேண்டாம், அப்பா கண்ட ஆமியைப் பற்றி அது ஏன் கேட்க வேணும்?

நித்திரையில்லாமை, மறதி, பயம், முடி கொட்டுதல் எல்லாவற்றையும் சொல்லுங்கோ, "இருமல் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதேங்கோ. நாலு நாளுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்து பாதிப்பு வரக்கூடியவர்களை இரண்டு, மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் தர நியமம் சொல்கிறது. ஆனால் ஹோம் ஒஃபிஸ் உங்களை வேறு இடத்துக்கு மாற்றினால் அந்தக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்விடும். ஜி.பி.க்கும் ஆஸ்பத்திரிக்கும் புது விலாசத்தைக் கொடுங்கோ.

அந்த அண்ணைக்கு இன்ரவியூ பின்போடப்பட்டது. இப்ப வைத்தியரின் துணையோடு, நடந்ததை ஒவ்வொன்றாக எழுதி வைக்கிறார்.

டிஸ்சார்ஜ் கடிதம் கையில் இருக்கிறாக்கள் தேத்தண்ணி நேரத்தில் என்னட்டை வாங்கோ, சேர்ந்து வாசிப்பம்.