பூட்டிய அலமாரி நூலகம் ஆகாது



1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், அறிஞர் சீர்காழி அரங்கநாதனின் அயராத உழைப்பால் பிறந்தது. அது பொது நூலகங்களுக்கு வரிப்பணத்தை உறுதி செய்தது. பள்ளி நூலகமோ வெளியே நின்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், செய்தித்தாளும் இதழ்களும் கதைப் புத்தகங்களும் வேண்டும் என்றது. எத்தனை நூல்கள், யார் பொறுப்பு, எப்போது திறப்பது என்று அதன் அட்டவணை கூறவில்லை.

நாம் பயின்ற பள்ளியிலும் நூல்கள் இருந்தன, பூட்டிய அலமாரிக்குள்! மீன்பிடித் துறைமுகத்தில் உழைத்துக் களைத்தோரின் ஓரறை வீட்டில் புத்தகத்துக்கு இடமேது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி நூலகம் இரண்டாவது நூலகம். நம் பிள்ளைக்கு அதுவே முதல் நூலகம். நூல்களுக்கென்றே தாதரில் இல்லம் எழுப்பிய அண்ணல் அம்பேத்கரின் வழிவந்தோர் நாம்.

ஆகவே, மாநிலம் முழுமைக்கும் ஒரே அளவுகோலைக் கேட்போம்: வகுப்புக்கேற்ற நூல்கள், பொறுப்பாளர் ஒருவர், வாரந்தோறும் நூலக வேளை, வீட்டுக்கு நூல் எடுத்துச் செல்லும் உரிமை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "அலமாரிச் சாவி எங்கே?" என்னும் முதல் கேள்வி நம்முடையதாகட்டும்.