கம்பெனிகளின் நிதியும் ஊர்க்குழுக்களின் பணியும்

மார்ச்சு மாத இறுதியில் நிதியாண்டு முடிவடைகிறது. நாட்டின் பெரும்பகுதியில் மழைக்காலம் ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. கம்பெனிகள் உள்ளூர்ச் சமூகக் குழுக்களுக்கும் சுற்றுச்சூழல் குழுக்களுக்கும் வழங்கும் நிதியுதவியைப் பற்றிய இவ்வுரையை இவ்விரு நாட்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அவ்வுதவி நிலைத்த பயன் தருமா, கணக்கேட்டில் ஒரு வரியாக நின்றுவிடுமா என்பது பெரும்பாலும் இவற்றின் இடைவெளியிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

செல்வம் படைத்தோர் அச்செல்வத்தின் அறங்காவலர்களாக விளங்க வேண்டும் என்று காந்தியடிகள் வலியுறுத்தினார். தொழில்துறையில் இக்கருத்து சிற்சில இடங்களில் வேரூன்றியது. ஜே. ஆர். டி. டாடாவின் முயற்சியால் 1970ஆம் ஆண்டில் டாடா இரும்பு எஃகு கம்பெனி, சமூகத்திற்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தனக்குள்ள கடமையைத் தன் அமைப்பு விதிகளிலேயே சேர்த்துக்கொண்டது. ஊரக வளர்ச்சிக்குச் செலவிடும் கம்பெனிகளுக்கு 1977ஆம் ஆண்டில் வருமான வரிச் சட்டத்தில் சலுகை அளிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் மத்திய அரசு தன்விருப்ப நெறிமுறைகளை வெளியிட்டது. இவை யாவும் விருப்பத்தைச் சார்ந்தவையாகவே இருந்தன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம்தான் அதனைக் கடமையாக்கியது. அச்சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

முந்திய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ எட்டிய கம்பெனி, கடந்த மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எவை சமூகப் பணிகள் என்பதைச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வரையறுக்கிறது. கல்வி, மருத்துவம், ஊரக வளர்ச்சி ஆகியவற்றோடு சுற்றுச்சூழல் பாதுகாப்பும், நிலம், நீர், காற்று ஆகியவற்றின் தரத்தைப் பேணுதலும் அதில் இடம் பெற்றுள்ளன. இவ்வகையில் 2014-15ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய் செலவிடப்பட்டது. 2022-23ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 30,000 கோடியாக உயர்ந்தது. இத்தொகையில் பாதிக்கு மேல் கல்விக்கும் மருத்துவத்திற்கும் சென்றது. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை.

இதில் வியப்பில்லை. பள்ளிக் கட்டடத்தைத் திறந்து வைக்கலாம். மருத்துவக் கருவியைப் படம் பிடித்து ஆண்டறிக்கையில் வெளியிடலாம். மேய்ச்சல் நிலத்தில் புல் மீண்டும் தழைப்பதும், கிணற்றில் நீர்மட்டம் ஓரடி உயர்வதும் அவ்வாறு காட்சிப்படுத்தத் தக்கவை அல்ல. அவற்றிற்கு மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்களும் அவ்வூரிலேயே வாழ்பவர்களாக இருக்க வேண்டும்.

அங்கே வாழ்பவர்களின் கைக்கு இந்நிதி எளிதில் எட்டுவதில்லை என்பதுதான் சிக்கலின் மையம். கம்பெனி தன் பணியைத் தானே நேரடியாகச் செய்யலாம். அல்லது தகுதிபெற்ற அமைப்பின் வாயிலாகச் செய்யலாம். தனியார் தொடங்கிய சங்கமோ அறக்கட்டளையோ அத்தகுதியைப் பெறுவதற்குச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பிரிவுகளின் கீழும் பதிவு வேண்டும். கம்பெனியே அமைத்த அமைப்பாக இல்லாவிடில் ஒத்த பணிகளில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்னும் படிவத்தின் வாயிலாகக் கம்பெனிகள் விவகார அமைச்சகத்தில் பதிவு எண்ணும் பெற்றாக வேண்டும். பொதுப்பணம் போன்ற ஒரு நிதிக்கு இக்கட்டுப்பாடுகள் தேவையற்றவை என்று எவரும் கூறார். ஆயினும் ஏரிக்கரையைக் காக்கும் பத்து உழவர்களுக்கும், காட்டுத்தீயை அணைக்கும் மலையூர் மகளிர்க்கும் தணிக்கையாளர் எங்கே இருக்கிறார்? மாவட்டத் தலைநகரில் இருப்பார். அவருடைய கட்டணம் குழுவின் ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிடக்கூடும்.

முன்னர் இத்தகைய சிறு குழுக்கள் வெளிநாட்டு உதவி பெறும் பெரிய தொண்டு நிறுவனங்களிடமிருந்து சிறு தொகைகளைப் பகிர்ந்து பெற முடிந்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், அந்நன்கொடையை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. ஆகவே உள்நாட்டுக் கம்பெனிகளின் நிதி ஊர்க்குழுக்களுக்கு முன்னினும் முக்கியமாகியுள்ளது.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட காலக்கணக்கைப் பார்ப்போம். ஜனவரியில் இசைவு கிடைத்து, பிப்ரவரியில் பணம் வந்து, மார்ச்சுக்குள் செலவழித்துச் சான்று அனுப்ப வேண்டுமென்றால், மரம் நடும் குழு யாது செய்யும்? கன்றுகளை வாங்கிக் கோடையின் வாயிலில் நடும். ஒரு கன்றை நட அரை மணி நேரம் போதும். அதை மூன்று கோடைகள் காப்பதற்குத் தண்ணீரும், வேலியும், ஆடுமாடுகளைத் திருப்பி ஓட்ட ஓர் ஆளும் வேண்டும். நட்ட கன்றுகளை எண்ணிப் பணம் தரும் திட்டத்தில் இம்மூன்றுக்கும் தொகை இராது. அடுத்த ஆண்டு அதே குழிகளில் வேறொரு கம்பெனியின் கன்றுகள் நடப்படும். இரு கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளிலும் எண்ணிக்கை சரியாகவே இருக்கும்.

இவ்வவசரத்திற்குச் சட்டம் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. அது முழு உண்மையன்று. 2021ஆம் ஆண்டுத் திருத்தங்களின்படி, தொடர் திட்டம் ஒன்றைத் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று நிதியாண்டுகள் வரை நடத்தலாம். அதில் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் வங்கியில் தனிக்கணக்கில் செலுத்தி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் பயன்படுத்தலாம். தொடர் திட்டமாக அமையாத பணிகளில் மிஞ்சும் தொகையே ஆறு மாதங்களுக்குள் ஏழாவது அட்டவணையில் கண்ட அரசு நிதி ஒன்றுக்குச் செல்ல வேண்டும். தவறினால் செலுத்த வேண்டிய தொகையின் இரு மடங்கு அல்லது ஒரு கோடி ரூபாய், இவற்றுள் குறைந்தது அபராதமாகும். எனவே மரம் வளர்ப்பையும் நீர்நிலைப் பராமரிப்பையும் தொடக்கத்திலேயே தொடர் திட்டமாக வரைந்தால் மார்ச்சு மாத ஓட்டத்திற்கு அவசியமே இல்லை. அவ்வாறு வரைவதற்குக் கோடையையும் மழையையும் அறிந்தவர்களைத் திட்டம் தீட்டும் மேசைக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

கம்பெனியின் பணம் ஊராரின் நிறுவனமாக வேரூன்றிய முன்னுதாரணம் இந்நாட்டில் இல்லாமலில்லை. குஜராத்தின் கிழக்கெல்லையில், இன்றைய தாகோத் மாவட்டம் பஞ்சமகால் மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்தில், 1974ஆம் ஆண்டில், மபத்லால் தொழிற்குடும்பத்தின் ஆதரவோடு சத்குரு நீர்வள அமைப்பு தன் பணியைத் தொடங்கியது. ஹர்நாத் ஜகாவத், ஷர்மிஷ்டா ஜகாவத் ஆகிய இருவரும் அதனை வளர்த்தவர்கள். அங்கு வாழும் பில் பழங்குடியினரின் நிலம் மேட்டுச் சரிவுகளில் இருந்தது. ஆறு கீழே ஓடியது. மழைப்பயிர் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக நகரங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வது அவர்களின் வழக்கமாயிருந்தது. ஆற்றில் சிறு தடுப்பணை, அதிலிருந்து மேட்டுக்கு நீரேற்றும் பம்பு, அதன்கீழ் இரண்டாம் போகம் என்பதே திட்டம்.

பொறியியல் நோக்கில் இது எளிய வேலைதான். ஆனால் பம்பு பழுதுபட்டால் யார் சீர்செய்வது, மின்கட்டணத்தை யார் செலுத்துவது, கடைமடை வயலுக்கு எந்த நாளில் நீர் செல்வது என்ற கேள்விகளுக்கு விடையாக நீர்ப்பாசனக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. உறுப்பினர்களே நீர்க்கட்டணம் நிர்ணயித்தனர். அதனை வசூலித்து மின்கட்டணம் கட்டினர். பம்பு இயக்குபவருக்கு ஊதியம் தந்தனர். நன்கொடையாளரின் பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் ஓடக்கூடிய ஏற்பாடு அது. நீர் ஏறிய ஊர்களில் வேலை தேடி வெளியேறுவோர் குறைந்தனர். இதனைக் கட்டியெழுப்ப ஓராண்டு போதவில்லை என்பதும், நன்கொடையாளர் பொறுமை காத்தனர் என்பதும் கருதத்தக்கவை.

இராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் 1985ஆம் ஆண்டு முதல் இராஜேந்திர சிங் தலைமையில் தருண் பாரத் சங்கம் மேற்கொண்ட பணி வேறொரு பாடத்தைத் தருகிறது. பிறைவடிவ மண்கரைகளால் ஆன ஜோகட் என்னும் பழைய நீர்த்தேக்கங்களை ஊரார் புதுப்பித்தனர். வெளியிலிருந்து உதவி வந்த போதும், செலவில் ஒரு பங்கை ஊரார் தம் உழைப்பாகவும் பொருளாகவும் ஈடு செய்ய வேண்டும் என்பது விதி. அர்வரி ஆறு மீண்டும் ஓடத் தொடங்கிய பின், அதன் கரையோரமுள்ள ஏறத்தாழ 70 ஊர்கள் கூடி ஆற்று மன்றம் அமைத்து, அதிக நீர் கேட்கும் பயிர்களுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டன. தம் தோளில் மண் சுமந்தவர்கள் அக்கரை உடைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் நிலமற்ற கூலியாட்களிடம் இலவச உழைப்பைப் பெற்று நிலவுடைமையாளரின் கிணற்றை நிரப்பும் பங்களிப்பு முறையில் நியாயம் இல்லை. பங்களிப்பு யாருடையது, பயன் யாருடையது என்பதை நிதி தருவோர் கேட்டே ஆக வேண்டும்.

கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. 2021இல் அமைச்சகம் அளித்த விளக்கத்தின்படி இது வழிகாட்டுதலே, கட்டாயமன்று. நடைமுறையில் ஆலைகளும் தலைமையகங்களும் மிகுந்த மாநிலங்களே பெரும்பங்கு பெறுகின்றன; மகாராஷ்டிரம் முன்னணியில் நிற்க, வடகிழக்கு மாநிலங்களுக்குச் சிறு துளியே சென்று சேர்கிறது. அண்டை ஊருக்கு உதவுவது முறைதான். ஆலையின் புகையையும் கழிவையும் அவ்வூர்தானே தாங்குகிறது! ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வேறு சட்டங்களின்படி செய்தே தீர வேண்டிய கடமைகளை இக்கணக்கில் சேர்க்கக் கூடாதென்று விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. கழிவுநீரைச் சுத்திகரிப்பது சட்டக் கடமை. அதன் செலவு கம்பெனியின் உற்பத்திச் செலவு. ஏரியில் கழிவைக் கலந்துவிட்டு அதே ஏரியின் கரையில் பூங்கா அமைக்க நிதி தருவது சமூகப் பொறுப்பாகாது. அத்தகைய நிதியைப் பெறும் ஊர்க்குழு, பின்னர் அக்கழிவைப் பற்றிப் புகார் கொடுக்கத் தயங்கும் என்பது அதனினும் பெரிய தீங்கு.

அலுவலர்கள் பலரும் பிறழ உணரும் விதி ஒன்றும் உண்டு. நிர்வாகச் செலவு 5 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்னும் வரம்பு, சமூகப் பொறுப்புப் பணிகளுக்காகக் கம்பெனி தனக்குள் செய்யும் பொது நிர்வாகச் செலவைப் பற்றியது. களத்தில் திட்டத்தை வரையவும், செயற்படுத்தவும், மேற்பார்வையிடவும் நேரடியாக ஆகும் செலவு அதில் அடங்காது. இதனை அறியாமல், நீர் அளக்கும் இளைஞருக்கும் கணக்கெழுதும் பெண்ணுக்கும் தர வேண்டிய ஊதியத்தை வெட்டி, முழுத்தொகையையும் சிமெண்டுக்கே ஒதுக்கினால், சிமெண்டைக் காக்க ஆள் இராது.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டும் கம்பெனியின் கடமை ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய். கடமைத் தொகை 50 இலட்சத்துக்கு மேற்படாத கம்பெனிகள் இதற்கென இயக்குநர் குழு ஒன்றைத் தனியே அமைக்கவும் தேவையில்லை. இயக்குநர் அவையே முடிவெடுக்கலாம். ஒரு கண்மாய்க்கோ, ஒரு மேய்ச்சல் நிலத்திற்கோ, ஓர் ஊர் நாற்றங்காலுக்கோ தேவைப்படும் தொகை இந்த அளவினதே. பெரிய கம்பெனியின் பல கோடித் திட்டத்தில் ஊர்க்குழு ஒரு புள்ளி. நடுத்தரக் கம்பெனியின் திட்டத்தில் அதுவே முழுத் திட்டமாகலாம். பதிவுகள் அனைத்தும் பெற்ற வட்டார அமைப்பு ஒன்று கணக்கையும் சான்றுகளையும் பொறுப்பேற்று, ஐந்தாறு குழுக்களின் பணியை ஒரே தொடர் திட்டமாக இணைத்தால், தனித்தனியே எட்ட முடியாத நிதி அவற்றிற்கு எட்டும்.

அத்தகைய திட்டத்தை ஆராயும் மாவட்ட அலுவலர் மதிப்பீட்டுத் தாளின் முதற்பக்கத்தோடு கடைசிப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நான்காம் ஆண்டில் மதகுக் கதவு துருப்பிடித்தால் அதை மாற்றும் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, அக்கணக்கில் கையெழுத்திடுவோர் யார், அவர்களுள் கடைமடை உழவரும் பெண்களும் உளரா என்பவை அப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லையெனில், தாளைத் திருப்பி அனுப்ப உகந்த மாதம் ஏப்ரல். மழைக்கு இன்னும் இரு மாதங்கள் இருக்கும்.