சிரிப்பும் நாகசுரமும்



மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டு எல்லையூர்களிலும் வாழும் நாம், 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை இன்றும் குடும்பத்தோடு கூடியமர்ந்து கண்டு களிக்கிறோம். கொத்தமங்கலம் சுப்புவின் கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். நாகேஷின் வைத்தியும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியும் தோன்றுந்தோறும் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம்.

ஆயினும், சிவாஜி கணேசன் திரையில் வாசித்த நாகசுரத்தின் உண்மை ஒலி மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

படத் தொடக்கத்தில், வெடிச் சத்தத்தைப் பொறாத நாயகன் சண்முகசுந்தரம் வாசிப்பை நிறுத்திவிடுகிறான். அதற்குக் கைதட்டிய நாமே, நம் இல்லத் திருமணங்களில் நாகசுரக்காரரை வாசலில் அமர்த்திவிட்டு, ஒலிபெருக்கியில் திரைப்பாட்டை முழங்க விடுகிறோம். பந்தியிலும் அவரைக் கடைசியில்தான் நினைக்கிறோம். நாம் சிரிக்க வேண்டியது வைத்தியைப் பார்த்தா, நம்மைப் பார்த்தா?

செம்பை வைத்தியநாத பாகவதரையும், எலப்புள்ளியில் பிறந்த எம். எஸ். விசுவநாதனையும் ஈன்ற மண் பாலக்காடு. அவ்விசைக்கு உரிமை கொண்டாடும் நாம், அடுத்த திருமணத்திலேனும் ஒலிபெருக்கியை ஒரு நாழிகை நிறுத்தி, நாகசுரத்தைக் காதாரக் கேட்போம். வாசித்தவரை முதற்பந்தியில் அமர்த்துவோம்.