கப்பலா, படகா, ஆறா?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கப்பல் சுற்றுலாவைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிள்ளையார்பாளையத்துக்காரன். திருமேற்றளீசுவரர் கோயில் மணியும் தறிச் சத்தமும் கேட்டு வளர்ந்தவன். நமக்குத் தெரிந்த தண்ணீர் சர்வதீர்த்தக் குளம். நமக்குத் தெரிந்த ஆறு பாலாறு. அதில் 2021 நவம்பரில் கரைபுரண்டு வெள்ளம் வந்ததைப் பார்க்க ஊரே திரண்டு போனது. ஏன் போனது? ஆற்றில் தண்ணீர் என்பதே நமக்கு ஒரு திருவிழா! அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் கப்பலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

ஆனால் செயலாளர் விடவில்லை. "ரெண்டு தடவை கூட்டிக்கிட்டுப் போனவர் நீங்கதானே? முதல் தடவை நடந்ததையும் சொல்லுங்க" என்றார். அந்த முதல் தடவையைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கல்லூரியை விட்டு ஐம்பது ஆண்டு நிறைவதை ஒட்டி, தண்ணீரில் ஒரு பயணம் போகலாம் என்று பதினோரு பேர் முடிவு செய்தோம். ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 2023 ஜனவரியில் ஆலப்புழைக்குப் போனோம். கெட்டுவள்ளம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிப்போன பெரிய வள்ளம். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டுவதால் அந்தப் பெயர். இப்போது அதையே வீடு மாதிரி மாற்றி வேம்பநாட்டுக் காயலில் விடுகிறார்கள். படத்தில் பார்த்தேன், விலை விசாரித்தேன், முன்பணம் கட்டினேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் பதினோரு பேரில் ஒருவர் இன்னும் தறியில் உட்காருகிறவர். பட்டப் படிப்பு முடித்தும் அப்பாவின் குழித்தறியை விடமாட்டேன் என்று இருந்துவிட்டவர். அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். இந்த அரங்கத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது வருஷம் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதி மிதித்த முழங்கால்கள். சமதரையில் கைத்தடியோடு நன்றாக நடப்பார். மேடு பள்ளம் என்றால் ஆகாது.

படித்துறைக்குப் போனால், கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு ஒற்றைப் பலகை. கைப்பிடி கிடையாது. படகோ தண்ணீரோடு ஏறி இறங்குகிறது. இரண்டு பேர் தூக்கி வைக்கிறோம் என்றார்கள். நண்பர் ஒரு கணம் அந்தப் பலகையைப் பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் இங்கேயே டீ குடிச்சிக்கிட்டு வேடிக்கை பாக்கிறேன்" என்றார்.

நாங்கள் போனோம். அதுதான் நான் சொல்லக் கூச்சப்படும் விஷயம். நாலு மணி நேரம் மீன் வறுவலும் பாட்டுமாகச் சுற்றிவிட்டுத் திரும்பினால், அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நாப்பத்தி மூணு படகு போச்சு, எண்ணினேன்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் எங்கள் மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

படகுக்காரர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். ஏறுவதற்குப் பலகையா, படியா, சாய்தளமா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கப்பல் விஷயத்தை, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர்ப் பயணம் மூன்று வகை. பெரிய கப்பல், சின்னக் கப்பல், ஆற்றுக் கப்பல்.

பெரிய கப்பல் என்றால் எவ்வளவு பெரியது? 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மியாமியிலிருந்து 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல் முதல் சுற்றுலாவுக்குப் புறப்பட்டது. நீளம் சுமார் 365 மீட்டர், இருபது அடுக்கு. நிறைந்தால் 7,600 பயணிகள். ஒரு சிற்றூரே மிதக்கிறது! நம் பக்கம் வந்தது அவ்வளவு பெரிதல்ல. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பத் தொடங்கிய 'எம்பிரஸ்' 1990-ல் கட்டியது. நீளம் சுமார் 211 மீட்டர். 2023 ஜூனிலிருந்து அது சென்னையில் புறப்பட்டு இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போய் வந்தது. இவை எல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறும். போக நினைப்பவர்கள் அந்தந்த வருஷம் விசாரிக்க வேண்டும்.

பெரிய கப்பலில் என்ன நன்மை? செலவு ஆயிரம் பேர் தலையில் பிரிவதால் ஒரு ராத்திரிக்கு ஆள் கணக்கில் மலிவு. லிஃப்ட் உண்டு, டாக்டர் உண்டு. ஆட்டத்தைக் குறைக்கப் பக்கவாட்டில் மீன் துடுப்பு மாதிரி இறக்கைகள் வைத்திருப்பார்கள். நடுவில், கீழ் அடுக்கில் அறை எடுத்தால் தலைசுற்றல் இன்னும் குறையும். என்ன தொல்லை? கூட்டம். 2019-ல் அத்திவரதரைத் தரிசிக்க வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு வரிசை, இறங்க வரிசை. இன்னொன்று, டிக்கெட் விலை வேறு, கடைசி பில் வேறு. பானங்கள், கரையில் சுற்றிக் காட்டுவது எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு. எல்லாத் துறைமுகமும் பெரிய கப்பலை ஏற்காது. வெனிஸ் நகரம் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலைத் தன் நடு வாய்க்காலுக்குள் விடுவதில்லை. சில இடங்களில் கப்பல் தூரத்தில் நின்று, சின்னப் படகில் இறக்கிக் கரைக்கு அனுப்புவார்கள். முழங்கால் வலிக்காரர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சின்னக் கப்பல், பெரியது போக முடியாத இடத்துக்குப் போகும். காலபாகஸ் தீவுகளில் ஒரு கப்பலுக்கு 100 பயணிகளுக்கு மேல் அனுமதி இல்லை. அண்டார்டிகாவில் 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. இறக்கினாலும் ஒரு நேரத்தில் 100 பேர்தான். ஆகவே இயற்கையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் சின்னதுதான். ஆனால் செலவைப் பிரித்துக்கொள்ள ஆள் குறைவு, அதனால் விலை அதிகம். அலை அடித்தால் ஆட்டமும் அதிகம். லிஃப்ட் இருக்கும் என்று நிச்சயமில்லை.

மூன்றாவது, ஆற்றுக் கப்பல். 2023 ஜனவரி 13-ல் வாரணாசியிலிருந்து 'கங்கா விலாஸ்' கிளம்பியது நினைவிருக்கும். திப்ருகர் வரை 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர், வங்கதேசம் வழியாக. கப்பல் நீளம் 62 மீட்டர்தான், 18 அறைகள், 36 பேர். தண்ணீருக்குள் 1.4 மீட்டர்தான் அமிழும். அதனால்தான் ஆற்றில் போக முடிகிறது. முழுப் பயணத்துக்குப் பல லட்சம். நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் பேப்பரில் படித்துச் சந்தோஷப்படலாம். ஆற்றில் அலை இல்லை, வாந்தி மயக்கம் இல்லை. இரண்டு பக்கமும் கரை தெரியும். ஊர், வயல், கோயில் கண்ணிலேயே இருக்கும். ஆனால் ஆறு மழையை நம்பி இருப்பது. ஐரோப்பாவில் ரைன் நதியே 2018-லும் 2022-லும் வற்றிப்போய், கப்பல் ஏற வந்தவர்கள் சில இடங்களில் பஸ் ஏற வேண்டியதாயிற்று. பாலாற்றுக்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. இன்னொன்று, நம் நாட்டில் ஆற்றங்கரை என்றால் படிக்கட்டு. காசியின் படித்துறையில் எத்தனை படி என்று போனவர்களைக் கேளுங்கள்.

இத்தனையும் படித்த பிறகு, அந்த ஜூனில் நான் நண்பர் வீட்டுக்குப் போனேன். தறியில் இருந்தார். கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. துணைக்குப் பேரன் மறு நாடா போட்டுக்கொண்டிருந்தான். "இந்தத் தடவை நீங்க எங்க வர முடியுமோ அங்கதான் நாங்க வருவோம்" என்றேன். அவர் நாடாவை நிறுத்தவில்லை. "என் பங்கை யாரும் கட்டக் கூடாது" என்றார். "சரி" என்றேன். "ரெண்டு சேலை இறங்கட்டும்" என்றார். கூலி வந்ததும் இரண்டு தவணையில் பணம் கொடுத்தார். அவர் துணைவியார் காலமாகிவிட்டவர். அறை வாடகை இருவர் கணக்கில்தான் போடுகிறார்கள், தனி ஆளுக்குக் கூடுதல். அதனால் நான் அவரோடு ஒரே அறை எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை. ஆகவே அந்நிய நாட்டுத் துறைமுகம் தொடாமல், கடலில் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் இரண்டு ராத்திரிப் பயணம். முன்பணம் கட்டுவதற்கு முன், ஏறுகிற வழி எப்படி என்று மூன்று தடவை போன் போட்டுக் கேட்டேன். அவர்களுக்கே அலுத்திருக்கும்.

2023 ஆகஸ்டில் பதினோரு பேரும் போனோம். சாய்தளத்தில் கைத்தடியோடு அவரே நடந்து ஏறினார். யாரும் தூக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கு அதுதான் பெரிய காட்சி.

எல்லோருக்கும் பிடித்ததா என்றால் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நடுராத்திரி வரை பாட்டுச் சத்தம் என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். "கரை தெரியாத பயணம் என்னய்யா பயணம்?" என்று இன்றைக்கும் கேட்கிறார். இன்னொருவர் மூன்று வேளையும் சைவ வரிசை எது என்று தேடிக்கொண்டே இருந்தார். அவர்கள் சொல்வதும் நியாயந்தான்.

நண்பர் மட்டும் விடியற்காலை லிஃப்டில் மேல் தளத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் தேடிப் போனேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ஒரு அலை கூட உடையாத கடல். "நம்ம தெருவுல காலையில பாவு நீட்டி வைப்போமே, அப்படி இருக்குப்பா" என்றார். சற்று நேரம் கழித்து, "அப்பா மெட்ராசுக்கு ஜவுளிக் கடைக்கு எத்தனை தரம் போயிருப்பார். ஒரு தரம்கூடக் கடலைப் பார்த்ததில்லை. சரக்கைக் கொடுத்தமா, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சமா, அவ்வளவுதான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆலப்புழைக்கு மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளைக்கு நண்பர்களையோ, பெற்றோரையோ அழைத்துப் போவீர்கள். எந்தக் கப்பல் நல்லது என்று என்னைக் கேட்டால் பதில் இல்லை. கூட வருகிறவர் யார் என்று சொல்லுங்கள், அப்புறம் சொல்கிறேன். எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது, உள்ளே எத்தனை படி, டாக்டர் உண்டா, மொத்தச் செலவு என்ன, அந்த மாதத்தில் கடல் எப்படி, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேளுங்கள். நம் வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். நமக்குத் தோன்றாத கேள்வி முடியாதவருக்குத் தோன்றும். ஆகவே முதலில் அவரைக் கேளுங்கள்.

அடுத்த பயணம் ஆறுதான் என்று தலைமையாசிரியர் கட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறார். போன மாதக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னோம். தறிக்கார நண்பரும் கை தூக்கினார். தூக்கிய கையை இறக்காமலே என்னைப் பார்த்து, "படி எத்தனைன்னு கேட்டுட்டியா?" என்றார்.

கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.