நோவை வரவழைத்தல்



நமது சிறுகதைகளிலும் நாவல்களிலும் பிள்ளைப்பேறு வரும் இடங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் காட்சி ஒன்றுதான். அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே ஒரு பெண் அலறுவாள். விறாந்தையில் கணவன் அங்குமிங்கும் நடப்பான். கிழவி ஒருத்தி வெந்நீருக்கு ஓடுவாள். பிறகு குழந்தையின் அழுகுரல் கேட்கும். கதை முடிந்துவிடும், அல்லது அடுத்த தலைமுறைக்குத் தாவிவிடும். கதாசிரியர் கதவுக்கு வெளியே, அந்த ஆண்மகனுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்.

உள்ளே நடப்பதில் ஒரு சிறு பகுதியையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். நாள் கடந்தும் தானாக வராத பிரசவ நோவை வரவழைப்பது. அதிலும் மருந்தினால் அல்லாமல், கருவியினால் வரவழைப்பது. இலக்கியத் தொடரில் இதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். தனக்கு நேர்வதற்கு ஒரு சொல் இல்லாமற் போனால், அதை அனுபவிப்பவர் தனித்துப் போகிறார். அந்தச் சொல்லைத் தேடிக் கொடுப்பது இலக்கியத்தின் வேலையன்றி வேறு யாருடைய வேலை?

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குப் போகும் வீதியில், உப்புவெளி, நிலாவெளி தாண்டியதும் இறக்கக்கண்டி வருகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மீன்பிடியே பெரும்பாலானவர்களின் சீவியம். 1990 இல் இந்தக் கரையோர மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போனது. இத்தனைக்கும் நடுவில் இங்கே பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள். இரவில் வீதியில் இறங்க முடியாத அந்த யுத்த காலத்தில், நாள் நெருங்கிய பெண்கள் நோவு வருமுன்னரே பட்டினத்துக்குப் போய், உறவினர் வீட்டிலோ ஆஸ்பத்திரி விடுதியிலோ காத்துக் கிடப்பது வழக்கமாயிருந்தது. காத்திருப்பது என்றால் என்னவென்று இவ்வூர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வூரில் எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள். இருவருக்கும் நாற்பது வாரம் கடந்து, நோவு வரவில்லை. இருவருக்கும் ஆஸ்பத்திரியில் செய்யப்பட்டது ஒரே காரியம். ஆனால் இருவரும் சொன்ன கதை வேறு.

மூத்தவளை ஊரில் எல்லாரும் ராத்தா என்றே அழைப்பார்கள். அவள் சொன்னாள்: "கட்டில்ல படுக்கச் சொன்னாங்க. படுத்தன். என்னமோ செய்தாங்க. ஒரு குழாய் தொடையில ஒட்டிக் கிடந்திச்சு. என்னத்துக்கு எண்டு யாரும் சொல்லல்ல. நான் கேக்கவும் இல்ல, வெக்கம். விடியச்சாமம் கக்கூசுக்குப் போனன். பொத்தெண்டு ஒண்டு விழுந்திச்சு. புள்ளதான் விழுந்திட்டுது எண்டு அலறிட்டன். வாட்டே எழும்பிட்டுது."

இளையவளுக்கு, கிராமத்து மருத்துவமாது கிளினிக்கிலேயே முன்கூட்டிச் சொல்லியிருந்தாள். "உள்ளுக்கு ஒரு சின்ன பலூன் வைப்பாங்க. ஒரு நாள் இருக்கும். நீ எழும்பி நடக்கலாம். வாய் திறந்ததும் அது தானா விழும். விழுந்தா நல்ல சேதி எண்டு நினை." அவளுக்கும் விடியற்காலையில்தான் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே போய்த் தாதியிடம் சொன்னாளாம், "மிஸி, விழுந்திட்டுது" என்று.

விழுந்தது ஒரே பொருள். ஒருத்திக்கு அது பயங்கரம், மற்றவளுக்கு நற்செய்தி. நடுவில் நின்றது நாலு வசனம்.

அந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஃபோலி கதீற்றர் என்று பெயர். ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் சிறுநீர் வெளியேற்றுவதற்கென உருவாக்கிய இறப்பர்க் குழாய். அதன் நுனியில் ஒரு சிறு பலூன். அதைக் கருப்பைக் கழுத்தின் வழியே உட்செலுத்தி, முப்பது மில்லிலீற்றர் அளவு, சில இடங்களில் அதற்கும் கூடுதலாக, கிருமி நீக்கிய நீரை நிரப்புவார்கள். முப்பது மில்லிலீற்றரில் பலூன் ஒரு தேசிக்காய் அளவு பருக்கும். அது உட்பக்கத்திலிருந்து கழுத்தை மெல்ல அழுத்துகிறது. கருவைச் சூழ்ந்த சவ்வைக் கருப்பைச் சுவரிலிருந்து சற்றே பிரிக்கிறது. அதனால் உடம்பே தன்னிடமுள்ள புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க, கழுத்து இளகிப் பதமாகிறது. மூன்று சென்றிமீற்றர் அளவுக்கு வாய் திறந்ததும் பலூன் நழுவி விழுகிறது. அதன்பின் பனிக்குடம் உடைப்பதும், தேவையானால் ஒக்சிற்றோசின் சேலைன் ஏற்றுவதும் நடக்கும்.

கிழக்குக் கரையில் களப்பை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது இலகு. மாரியில் களப்பு நிரம்பி, முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால், ஆட்கள் போய் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். மணல் திட்டு முழுவதையும் யாரும் அள்ளுவதில்லை. வழி கண்ட நீர் மிச்ச வேலையைத் தானே செய்துகொள்ளும். ஆனால் உள்ளே நீர் போதிய அளவு ஏறியிருக்க வேண்டும். ஏறாத நாளில் வெட்டினால் வீண் வேலை. பிள்ளைப்பேற்றிலும் இந்தக் கணக்கு உண்டு. கழுத்து எவ்வளவு இளகியிருக்கிறது, எவ்வளவு குறுகியிருக்கிறது, எவ்வளவு திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் பார்த்துப் புள்ளியிடும் முறையை எட்வேட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964 இல் வகுத்தார். இன்றும் பிரசவ விடுதிகளில் அவர் பெயராலேயே அந்தப் புள்ளி வழங்குகிறது.

கருவிமுறை புதியதல்ல. இலண்டனில் றொபேட் பார்ன்ஸ் 1860களில் நீர் நிரப்பும் இறப்பர்ப் பைகளைப் பயன்படுத்தினார். பிரான்சில் ஷாம்பெத்தியே த ரீப் 1888 இல் வேறொரு பையை அறிமுகப்படுத்தினார். அன்று கிருமித் தொற்று பெரும் அச்சமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் மருந்துகள் முன்னுக்கு வந்தன. ஒக்சிற்றோசினைச் செயற்கையாக ஆக்கிய டு வினோ 1955 இல் நோபல் பரிசு பெற்றார். 1968 இல் உகண்டாவின் கம்பாலாவில் இருந்து சுல்தான் கரீம், புரொஸ்ரகிளாண்டினைக் கொண்டு நோவை வரவழைத்ததை உலகுக்கு அறிவித்தார். அதற்கு ஓராண்டு முன்னர், 1967 இல், எம்பிறேயும் மொலிசனும் இந்தச் சாதாரண ஃபோலி குழாயே இவ்வேலைக்குப் போதும் என்று எழுதியிருந்தார்கள். மருந்தின் புகழில் அது சில காலம் பின்தள்ளப்பட்டது.

ஆனால் குழாய் மறையவில்லை. விலை குறைவு, குளிர்ப்பெட்டி வேண்டாம், கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கிக் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து, மருந்தோடு ஒப்பிட்டால் குறைவு. முன்பு சத்திரசிகிச்சையால் பிள்ளை பெற்றவர்களுக்கு மிசோபிறொஸ்ரோல் போன்ற மருந்து ஆகாது என்பதால், அவர்களுக்கும் இது ஒரு வழியாகிறது. நெதர்லாந்தில் 824 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2011 இல் வெளியாயிற்று. பலூன் வைத்தவர்களுக்கும் புரொஸ்ரகிளாண்டின் களிம்பு வைத்தவர்களுக்கும் இடையே சத்திரசிகிச்சையின் விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பலூன் முறையைத் தன் பரிந்துரைகளில் சேர்த்தது. நம் நாட்டிலும் கொழும்பிலும் காலியிலும் உள்ள மகப்பேற்று மருத்துவர்கள் இக்குழாயைப் பற்றி ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் நாக்பூரில், இரத்த அழுத்தம் கூடிய 602 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2017 இல் வெளியானது. வாய்வழி மிசோபிறொஸ்ரோல் பெற்றவர்களில் 57 வீதமானோர் ஒரு நாளுக்குள் இயல்பாகப் பிள்ளை பெற்றார்கள். பலூன் வைத்தவர்களில் 47 வீதமானோர். அதாவது பலூன் சற்று ஆறுதலாகவே வேலை செய்கிறது. மருந்தின் நோவு வேகமாய் வரும், சில வேளை மூர்க்கமாயும் வரும். பலூனின் நோவு, முதல் நாள் முழுவதும் நோவா இல்லையா என்று தெரியாத ஒரு மந்த இழுவையாகவே இருக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். வைக்கும்போது கூச்சமும் குத்தலும். பிறகு தொடையில் ஒட்டிய குழாயோடு உலாவும் ஒரு நீண்ட பகல். பக்கத்துக் கட்டில்காரி பிள்ளை பெற்றுப் போய்விட, தான் மட்டும் கிடக்கும் ஓர் இரவு.

நமது கதைகளில் இல்லாதது இந்த இரவுதான். அலறலுக்கு இடமிருக்கிறது, அலறலில்லாத காத்திருப்புக்கு இடமில்லை. எழுதப்படாதது பேசப்படுவதுமில்லை. தாய் மகளுக்குச் சொல்வதில்லை. விடுதியில் நாற்பது கட்டிலைப் பார்க்கும் தாதிக்கு நேரமில்லை. நேரமிருந்தாலும் சில இடங்களில் மொழி இல்லை. குழாய் மட்டும் தன் வேலையைச் செய்கிறது.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தை நினைக்கிறேன். 1847 இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் நம்மவர்க்கு மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். மோன்செல் என்பவரின் ஆங்கில நூலைத் தமிழாக்கி அவர் வெளியிட்ட "பிரசவ வைத்தியம்" 1857 இல் வந்தது. பார்ன்ஸ் தன் பையைச் செய்வதற்கும் முன்னர், தமிழில் ஒரு பிரசவ நூல் இருந்தது! கருவியை விளங்கிக்கொள்ள மொழி தடையல்ல என்று அந்த மனிதர் அன்றே காட்டிவிட்டார். நாங்கள்தான் அந்தச் சொற்களைப் படித்தவர் அலுமாரியில் பூட்டி வைத்தோம்.

இறக்கக்கண்டி மருத்துவமாது எந்தக் கலைச்சொல்லையும் தேடவில்லை. "வாய் திறந்ததும் தானா விழும்" என்றாள். அது நல்ல தமிழ். ஒரு பெண்ணின் உடம்பில் எதை வைப்பதானாலும், அதற்கு முன்பாக அவள் காதில் வைக்க வேண்டிய தமிழ் அது. அவள் விளங்கி, சம்மதித்து, கேள்வி கேட்டு, வேண்டாமென்றால் வேண்டாமென்றும் சொல்லக்கூடிய தமிழ்.

எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் கதையில் ஒரு பிள்ளை பிறக்கும்போது, விறாந்தையில் நிற்காதீர்கள். பெற்றவர்களிடம் கேளுங்கள். அந்த நீண்ட இரவை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். எங்கேயோ ஒரு விடுதியில், தொடையில் ஒட்டிய குழாயோடு விடியலுக்குக் காத்திருக்கும் ஒருத்திக்கு, தான் முதலாவது ஆளல்ல என்று தெரிந்திருப்பதே பெரிய ஆறுதல்.